சைபர் போட்ட வயதுக் கணக்கு

வழக்கம்போல நீளமான பதிவுதான். நேரம் இருப்பவர்கள் இப்போதே படியுங்கள். மற்றவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள். கணக்கு என்றதும் யாரும் ஓட வேண்டாம். எட்டாம் வகுப்புக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி தன் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். முகம் சுண்டியிருந்தது.

"தாத்தா, ஆன்சர் கரெக்ட்தான். ஆனா அஞ்சுக்கு ஒண்ணுதான் போட்டிருக்காங்க. ஸ்டெப் இல்லையாம்."

கணக்கு இது: தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 20 ஆண்டுகளுக்குப் பிறகு தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 2 மடங்காக இருக்கும். இருவரின் இன்றைய வயது என்ன?

அவள் செய்திருந்தது இது. மகனுக்கு 4 வயது என்று வைத்துப் பார்த்திருக்கிறாள். தந்தைக்கு 16. இருபது ஆண்டு கழித்து மகனுக்கு 24, தந்தைக்கு 36. இரண்டு மடங்கு என்றால் 48 வர வேண்டும். 12 குறைகிறது. அடுத்து 7 என்று வைத்திருக்கிறாள். தந்தைக்கு 28. இருபது ஆண்டு கழித்து 27, 48. வர வேண்டியது 54. இப்போது 6 குறைகிறது. "மூணு ஏத்தினா ஆறு குறையுது. இன்னும் மூணு ஏத்தினா சரியாயிடும்" என்று ஓரத்தில் எழுதி, மகன் 10, தந்தை 40 என்று கட்டம் கட்டியிருந்தாள்.

நோட்டைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதே கணக்கை, இதே எண்களோடு, 1987-இல் ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வுக்கு நானே கொடுத்திருக்கிறேன். எழுதிய பையன்களில் ஒருவனுக்குச் சைபர் போட்டிருக்கிறேன்.

அவன் பெயர் வேண்டாம். கடைசி பெஞ்சு. அப்பாவுக்குச் சைக்கிள் கடை. மற்ற பிள்ளைகள் எல்லோரும் "மகனின் வயது எக்ஸ் என்க" என்று தொடங்கியிருந்தார்கள். அவன் விடைத்தாளில் எக்ஸே கிடையாது. நாலே வரி. கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

வித்தியாசம் எப்போதும் மாறாது.
இப்போது வித்தியாசம் மகன் வயதில் மூன்று பங்கு.
20 வருடம் கழித்து வித்தியாசம் மகன் வயது முழுசும். அதனால் ஒரு பங்கும் இருபதும் சேர்ந்தது மூன்று பங்கு.
இரண்டு பங்கு 20. ஒரு பங்கு 10.

இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். ஒரு ஓட்டையும் இல்லை. தந்தை நாலு பங்கு, மகன் ஒரு பங்கு. ஆகவே வித்தியாசம் மூன்று பங்கு. தந்தை மகனைப் போல் இரண்டு மடங்கு ஆகும்போது வித்தியாசம் மகனின் அன்றைய வயதுக்குச் சமம். வயதுக் கணக்குகளின் உயிரே அந்த முதல் வரியில்தான் இருக்கிறது. மடங்கு மாறும், கூட்டுத்தொகை மாறும், வித்தியாசம் மட்டும் சாகும்வரை மாறாது. வருடக்கணக்கில் பாடம் நடத்திய நான் அதைக் கரும்பலகையில் ஒரு தடவைகூட எழுதிப் போட்டதில்லை.

நான் செய்தது என்ன? "எக்ஸ் எங்கே? சமன்பாடு எங்கே?" என்று சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் ஒரு முட்டை. பார்த்து எழுதியிருப்பானோ என்ற சந்தேகமும் இருந்தது. எக்ஸ் போட்டவர்களைப் பார்த்து எழுதினால் எக்ஸ்தானே வந்திருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

கணக்கில் அவன் வாங்கியது 32. தேர்ச்சி 35. ஆங்கிலத்திலும் தவறியிருந்தான். அதனால் என் சைபர் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. அதற்காக, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவும் இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து, ஒரு கோடை விடுமுறையில் கணித வரலாறு படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் யாருக்குச் சைபர் போட்டிருக்கிறேன் என்பது புரிந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

எகிப்திலிருந்து தொடங்குவோம். அலெக்சாண்டர் ரிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1858-இல் லக்சர் நகரத்தில் ஒரு பழைய பாப்பிரஸ் சுருளை வாங்கினார். இன்று அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கி.மு. 1550 வாக்கில் ஆமஸ் என்ற எழுத்தர் எழுதியது. தனக்கும் முந்தைய ஒரு சுவடியைப் பார்த்து எழுதியதாக அவரே குறித்திருக்கிறார். அதில் 24-ஆம் கணக்கு: ஒரு குவியலும், அதில் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. குவியல் எவ்வளவு?

தெரியாத எண்ணுக்கு அவர்கள் வைத்திருந்த பெயரே 'குவியல்' என்பதுதான். ஆமஸ் என்ன செய்கிறார்? 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழில் ஒரு பங்கு 1. சேர்த்தால் 8. வர வேண்டியது 19. எட்டைப் பத்தொன்பதாக்க எத்தனையால் பெருக்க வேண்டுமோ, அத்தனையால் ஏழையும் பெருக்குகிறார். விடை பதினாறும், அரையும், அரைக்காலும். தப்பு என்று தெரிந்தே ஒரு எண்ணை வைத்து, அந்தத் தப்பு எவ்வளவு என்று அளந்து, சரியான எண்ணைப் பிடிப்பது. 3,500 ஆண்டுகளுக்கு முன்பே இது பாடம்.

ஆனால் ஆமஸின் வழி எல்லாக் கணக்குக்கும் செல்லாது. 'இருபது ஆண்டு கழித்து' என்று தனியாக ஒரு எண் கூடும்போது, ஒரு தப்பு போதாது. இரண்டு தப்பு வேண்டும். அதைச் சீனர்கள் செய்தார்கள். 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற சீனக் கணித நூல் ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானது. கி.பி. 263-இல் லியூ ஹுய் அதற்கு உரை எழுதினார். அதன் ஏழாம் அத்தியாயத்தின் பெயரே 'மிகுதியும் குறைவும்'. இரண்டு முறை ஊகி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று குறி, குறுக்கே பெருக்கு.

பேத்தியின் எண்களை அந்த விதியில் போட்டுப் பார்த்தேன். ஊகம் 4, குறைவு 12. ஊகம் 7, குறைவு 6. குறுக்கே பெருக்கினால் 7 × 12 = 84; 4 × 6 = 24. வித்தியாசம் 60. குறைவுகளின் வித்தியாசம் 6. அறுபதை ஆறால் வகுத்தால் 10. அவள் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியது சீனத்துப் பாடநூலின் ஒரு முழு அத்தியாயம். அதற்கு அஞ்சுக்கு ஒண்ணு.

வயதுக் கணக்குகளில் உலகப் புகழ்பெற்றது கிரேக்க மொழியில் இருக்கிறது. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் வாழ்ந்த தயோபாண்டஸ் என்ற கணித மேதையின் கல்லறை வாசகம் என்று சொல்லப்படும் புதிர் அது. கிரேக்கப் பாடல் திரட்டின் 14-ஆம் நூலில் வருகிறது. உண்மையிலேயே கல்லறையில் இருந்ததற்கு ஆதாரம் இல்லை. செய்தி இதுதான்: ஆயுளில் ஆறில் ஒரு பங்கு பிள்ளைப் பருவம். பிறகு பன்னிரண்டில் ஒரு பங்கு கழிந்ததும் தாடி முளைத்தது. பிறகு ஏழில் ஒரு பங்கு கழித்துத் திருமணம். ஐந்து ஆண்டில் ஒரு மகன். அந்த மகன் தந்தையின் ஆயுளில் பாதிதான் இருந்தான். மகன் போன பிறகு தந்தை நாலு ஆண்டு இருந்து செத்தார். அவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தார்?

ஆயுளை 'வ' என்று வைப்போம். வயதுக்கு வ. ஆங்கில எக்ஸ்தான் வேண்டும் என்று சட்டமில்லை. ஆறில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று, ஏழில் ஒன்று, பாதி: இவற்றை 84 என்ற பொதுப் பகுதியில் கூட்டினால் 14 + 7 + 12 + 42 = 75. அதாவது ஆயுளில் 84-இல் 75 பங்கு. மீதி 9 பங்கு. அந்த மீதி, 5 ஆண்டும் 4 ஆண்டும் சேர்ந்த 9 ஆண்டு. ஆக ஒரு பங்குக்கு ஒரு ஆண்டு. வ = 84.

இதை வகுப்பில் நடத்தும்போது விடை வந்தவுடன் நிறுத்த மாட்டேன். திரும்பப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். 14 வயது வரை பிள்ளை. 21-இல் தாடி. 33-இல் கல்யாணம். 38-இல் மகன். மகன் 42 வயதில் போகும்போது தந்தைக்கு 80. பிள்ளையைக் கொடுத்துவிட்டு நாலு வருடம். வகுப்பு அமைதியாகிவிடும். எண்ணுக்குள் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். ஆரியபட்டர் தன் நூலில் தன் வயதையே ஒரு கணக்காகத்தான் சொல்கிறார். அறுபது அறுபதுகள், அதாவது கலியுகத்தில் 3,600 ஆண்டுகள் கழிந்தபோது, தான் பிறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன என்கிறார். கலியுகத் தொடக்கம் கி.மு. 3102. கணக்குப் போட்டால் அந்த ஆண்டு கி.பி. 499. அவர் பிறந்தது 476.

அந்த நூலின் கணிதப் பகுதியில் 30-ஆம் செய்யுள் ஒரு விதி சொல்கிறது. இரண்டு பேரிடம் சில 'குளிகை'களும் சில காசுகளும் இருக்கின்றன. குளிகைகளின் எண்ணிக்கையும் வேறு, காசும் வேறு. மொத்த மதிப்பு மட்டும் இருவருக்கும் சமம். காசுகளின் வித்தியாசத்தைக் குளிகைகளின் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு குளிகையின் விலை கிடைக்கும். அவ்வளவுதான் விதி. குளிகை என்றால் உருண்டை. நாட்டு மருந்துக் கடையில் நாம் கேட்டு வாங்கும் அதே குளிகைதான். எகிப்துக்காரர் 'குவியல்' என்றதை இவர் 'குளிகை' என்கிறார்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். என் மாணவனின் மூன்றாம் வரியை நினைத்துப் பாருங்கள். ஒரு பங்கும் இருபதும் சேர்ந்தது மூன்று பங்கு. ஒருவரிடம் ஒரு குளிகையும் 20 காசும், மற்றவரிடம் மூன்று குளிகை, காசு இல்லை, இருவரும் சமம். காசு வித்தியாசம் 20. குளிகை வித்தியாசம் 2. வகுத்தால் 10. நான்காம் வரி. ஆரியபட்டரின் விதி அப்படியே. சைக்கிள் கடைக்காரர் மகனுக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை. அவனாகக் கண்டுபிடித்தான். நான் முட்டை போட்டேன்.

ஆரியபட்டருக்குப் பிறகு நம்மவர்கள் தெரியாத எண்ணுக்கு இன்னும் நல்ல பெயர்கள் வைத்தார்கள். 'யாவத்-தாவத்' என்றார்கள். எவ்வளவோ அவ்வளவு என்று பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட எண்கள் தெரியாவிட்டால் கருப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயர்கள். 628-இல் பிரம்மகுப்தர் கடன், இருப்பு என்ற சொற்களால் குறை எண்களுக்கும் விதிகள் எழுதிவிட்டார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர் தன் பீஜகணிதத்தில் ஒரு கணக்கு கொடுக்கிறார். ஒருவரிடம் 6 குதிரையும் 300 காசும். மற்றவரிடம் 10 குதிரை, ஆனால் 100 காசு கடன். இருவர் சொத்தும் சமம். குதிரை என்ன விலை?

அவர்கள் எழுதும் முறை இப்படி இருக்கும்:

யா 6 ரூ 300
யா 10 ரூ 100 (இந்த நூறின் மேல் ஒரு புள்ளி, கடன் என்று அர்த்தம்)

'யா' என்பது யாவத்-தாவத்தின் முதலெழுத்து. 'ரூ' என்பது ரூபம், தெரிந்த எண். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வித்தியாசத்தை வித்தியாசத்தால் வகுத்தார்கள். 400-ஐ 4-ஆல் வகுத்தால், ஒரு குதிரை 100 காசு. இதற்கும் நம் வயதுக் கணக்குக்கும் உடல் வேறு, எலும்புக்கூடு ஒன்றே.

எலும்பு என்று சொன்னது தற்செயல் இல்லை. இடையில் ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதுக்கு ஒரு நடை போய் வர வேண்டும். கலீபா அல்-மாமூன் காலத்தில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் பெயரில் 'அல்-ஜபர்', 'அல்-முகாபலா' என்று இரண்டு சொற்கள் உண்டு. அல்ஜீப்ரா என்ற சொல்லே அந்த முதல் சொல்லிலிருந்து வந்ததுதான். ஜபர் என்றால் முறிந்ததைச் சேர்த்துச் சரிசெய்வது. ஸ்பெயின் நாட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியருக்கும் ஒரு காலத்தில் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றுதான் பெயர் இருந்தது. நம் ஊர்ப் புத்தூர்க் கட்டுக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைக் கணக்கில் ஒரு பக்கம் 10 குதிரையில் 100 காசு குறைகிறது. முறிந்த பக்கம் அது. 100-ஐச் சேர்த்து அதை முழுசாக்கு. ஒரு பக்கம் சேர்த்தால் மறுபக்கமும் சேர்க்க வேண்டும். ஆக 6 குதிரையும் 400 காசும், 10 குதிரைக்குச் சமம். இது ஜபர். இரண்டு பக்கமும் 6 குதிரை இருக்கிறது. இரண்டிலிருந்தும் எடுத்துவிடு. 400 காசு, 4 குதிரை. இது முகாபலா.

"பக்கம் மாறினால் குறி மாறும்" என்று மந்திரம் மாதிரி சொல்லிக் கொடுத்தோமே, அதன் உள்ளே இருப்பது இவ்வளவுதான். எதுவும் பக்கம் மாறுவதில்லை. இரண்டு தட்டிலும் ஒன்றுபோலச் சேர்க்கிறோம், ஒன்றுபோல எடுக்கிறோம். அல்-குவாரிஸ்மி தன் நூலின் பெரும்பகுதியை உயிலும் பாகப்பிரிவினையும் பற்றிய கணக்குகளுக்கு ஒதுக்கினார். செத்தவர் சொத்தில் மகளுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு என்று கணக்கிடத் தேவைப்பட்ட வித்தை இது. தெரியாத எண்ணை அவர் 'ஷய்' என்றார். பொருள், சாமான் என்று அர்த்தம். அதையே இத்தாலியர்கள் தங்கள் மொழியில் 'கோசா' என்றார்கள்.

நாம் விழுந்து கும்பிடும் எக்ஸ் ரொம்பப் பின்னால் வந்தது. சமக்குறியை இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு 1557-இல் போட்டார். இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானது வேறில்லை என்று காரணம் சொன்னார். 1591-இல் பிரான்சில் வியத் தெரியாத எண்களுக்கு உயிரெழுத்து, தெரிந்தவற்றுக்கு மெய்யெழுத்து என்று வைத்தார். டேக்கார்ட் 1637-இல் ஆங்கில அகரவரிசையின் கடைசி எழுத்துகளைத் தெரியாத எண்களுக்கு வைத்தார். அதில் ஒன்றுதான் எக்ஸ். குவியல், குளிகை, எவ்வளவோ, சாமான், எக்ஸ். 3,500 ஆண்டுகளில் மனிதர்கள் ஒரே ஆளுக்கு வைத்த ஐந்து பெயர்கள். நான் ஐந்தாவது பெயரை மட்டும் கேட்டு, முந்தைய நாலையும் வாசலில் நிறுத்திவிட்டேன்.

அப்படியானால் எக்ஸ் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எங்கே வேண்டும் என்பதற்கும் ஒரு வயதுக் கணக்கே சாட்சி. 1903-இல் அமெரிக்கப் பத்திரிகைகளை ஆட்டிவைத்த புதிர் அது. ஆன் என்று ஒரு பெண், மேரி என்று ஒரு பெண். மேரிக்கு இப்போது 24. ஆனுக்கு இப்போது என்ன வயதோ அந்த வயதில் மேரி இருந்தபோது, ஆனுக்கு ஒரு வயது இருந்திருக்கும் அல்லவா? அதைப் போல் இரண்டு மடங்குதான் மேரியின் இன்றைய 24. ஆனுக்கு இப்போது என்ன வயது?

ஊர் ஊராகச் சண்டை போட்டார்கள். 12 என்று எழுதியவர்களும் உண்டு. மனதுக்குள் வைத்து இதைப் போடப் பார்த்தால் தலை சுற்றும். ஒரு தாளில் இரண்டு வரி எழுதினால் முடிந்தது. இன்று: மேரி 24, ஆன் வ. அன்று: மேரி வ, ஆன் 12. வித்தியாசம் மாறாது. ஆகவே 24 − வ = வ − 12. இரண்டு பக்கமும் முறிந்திருக்கிறது; ஜபர் செய்தால் 36 = 2வ. ஆனுக்கு 18.

தெரியாததற்கு ஒரு பெயர் வைத்துத் தாளில் உட்காரவைத்துவிட்டால், மனது அதைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். எக்ஸின் பயன் அது. கிணற்றுக்குள் இறங்கும்போது பிடித்துக்கொள்ளும் கயிறு. ஆழம் குறைந்த இடத்தில் நீந்தத் தெரிந்தவனைப் பார்த்து, கயிறு எங்கே என்று கேட்டு வெளியே அனுப்புவதற்கு அது ஏற்பட்டதில்லை.

கயிற்றை மட்டும் கற்றுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேர் இளைஞராக இருந்தபோது தங்கைக்கு ஒரு கடிதத்தில் கிண்டலாக ஒரு கணக்கு எழுதினார். கப்பல், சரக்கு, பயணிகள், காற்று என்று விவரமாக அடுக்கிவிட்டு, கப்பல் தலைவருக்கு வயது என்ன என்று கேட்டார். 1980 வாக்கில் கிரெநோபிள் நகரத்தில் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் அதை நிஜமாகவே பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடும் 10 வெள்ளாடும் இருக்கின்றன; தலைவரின் வயது என்ன? ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் 97 பேரில் 76 பேர் கொடுத்த எண்களைக் கூட்டியோ எதையாவது செய்தோ விடை எழுதினார்கள். கேள்வியே தப்பு என்று சொல்லவில்லை. 2018-இல் இதே ஆடுகள் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஐந்தாம் வகுப்புக் கேள்வித்தாளில் வந்து, நாடு முழுக்கப் பேச்சானது. பிள்ளைகள் கேள்வியை யோசித்துப் பார்க்கிறார்களா என்று அறியவே வைத்தோம் என்றது அங்குள்ள கல்வித்துறை.

சிரிக்கலாம். ஆனால் அந்த 76 பிள்ளைகளையும் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் என்ன செய்தால் மதிப்பெண் வரும் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்ட பிள்ளைகள் அவர்கள். எண்ணைப் பொறுக்கு, ஏதாவது செய், கட்டம் கட்டு. என் வகுப்பிலும் "எக்ஸ் என்க" என்று எழுதி, அடுத்த வரியில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்ட பிள்ளைகளுக்கு நான் ஒரு மதிப்பெண் போட்டிருக்கிறேன். முழுசாகப் புரிந்து நாலு வரி எழுதியவனுக்குச் சைபர்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியின் நோட்டில் நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். முதலில் அவள் வழியை அப்படியே விட்டு, கீழே 'இது சீனர்களின் வழி' என்று எழுதினேன். அதன் கீழே 4வ + 20 = 2(வ + 20) என்று எழுதி, இரண்டு தட்டிலும் ஒன்றுபோல எடுத்து எடுத்து வ = 10 என்று காட்டினேன். பரீட்சையில் இந்த வழியையும் எழுது, பாடத்திட்டம் கேட்பது அதுதான், டீச்சர் மேல் கோபப்படாதே என்றேன். அவர்களுக்கு ஒரு கட்டு விடைத்தாள், ஒரு ராத்திரி, ஒரு விடைக்குறிப்பு. அந்த அவசரம் எனக்குத் தெரியும்.

மூன்றாவதாக, அந்த நாலு வரியையும் எழுதினேன். "இது யாரோட வழி தாத்தா?" என்றாள். ஆரியபட்டர் என்று சொல்லியிருக்கலாம். என் ஸ்டூடண்ட் ஒருத்தனோடது என்றேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். விடைக்குறிப்பில் இல்லாத வழியில் சரியான விடை வந்தால், பேனாவை வைத்துவிட்டு ஒரே ஒரு நிமிடம் அந்தத் தாளைப் படியுங்கள். புரியவில்லை என்றால் மறுநாள் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வழக்கம்போல வீட்டுப்பாடம். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் சார்லமேன் அரசவையில் இருந்த அல்குயின் தொகுத்ததாகச் சொல்லப்படும் கணக்குகளில் ஒன்று. நமக்குத் தெரிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டு ஆற்றைக் கடக்கும் புதிருக்கும் அங்கே ஒரு அண்ணன் உண்டு. ஒரு கிழவர் ஒரு சிறுவனை வாழ்த்துகிறார். சிறுவனின் வயதை இரட்டித்து, வந்ததை மறுபடி இரட்டித்து, அதை மும்மடங்காக்கி, கிழவரின் வயதிலிருந்து ஒரு வருடத்தைக் கடவுள் எடுத்துக் கொடுத்தால், சிறுவனுக்கு நூறு நிறையும். சிறுவனின் வயது என்ன? விடையில் மாதமும் வரும், பயப்பட வேண்டாம்.

எக்ஸ் போட்டும் செய்யலாம், போடாமலும் செய்யலாம். எந்த வழியில் வந்தாலும் முழு மதிப்பெண்.